விமானம் இல்லாமல் மூழ்கிய விமானந்தாங்கி: மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ்தான் பிற்பாடு இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கியான ஐ.என்.எஸ். விராட் ஆனதா? விமானந்தாங்கிக் கப்பல் என்கிறார்களே, மூழ்கும்போது அதில் ஒரு விமானம்கூட இல்லாமல் போனது எப்படி? அந்த நிலையில் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது கேப்டனின் தவறா?

முதல் கேள்வியை உடனே முடித்துவிடலாம். அது வேறு, இது வேறு. விராட் ஆனது 1944-இல் கட்டத் தொடங்கி 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கப்பல். அதற்கு முதலில் 'எலிஃபென்ட்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். 1945-இல் 'ஹெர்மிஸ்' என்று மாற்றினார்கள். 1987-இல் இந்தியாவுக்கு வந்தது. மட்டக்களப்பில் கிடப்பது அதற்கு மூத்த ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை முற்பகலில், கரையிலிருந்து சில மைல் தூரத்தில், 307 பேரைக் காவுகொண்டு மூழ்கியது. பெயர் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் இரண்டின் கதையையும் ஒன்றாகக் குழைத்து எழுதுகிறார்கள். இறந்தவர்களை நினைத்தாவது அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குப் பல நாளாகத் தோன்றுகிறது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல, கப்பல் எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதுவரை விமானந்தாங்கி என்று இருந்தவை எல்லாம் வேறு வேலைக்குக் கட்டிய கப்பல்களின் மேல்தளத்தைச் சமன்செய்து ஒட்டுப்போட்டவை. விமானம் ஏறி இறங்குவதற்கென்றே தனியாக வரைபடம் போட்டு, அடிமரத்திலிருந்து அதற்காகவே கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் ஹெர்மிஸ். 1918 ஜனவரியில் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் தளத்தில் வேலை தொடங்கியது. அந்த ஆண்டே முதல் உலகப் போர் முடிந்துவிட்டதால் அவசரம் போய்விட்டது. 1919-இல் நீரில் இறக்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1924-இல்தான் சேவையில் சேர்த்தார்கள். அதற்குள் ஜப்பான் தன் 'ஹோஷோ'வை 1922 டிசம்பரிலேயே கட்டி முடித்துவிட்டது. ஜப்பானியக் கடற்படைக்கு விமானக் கலையைக் கற்றுக்கொடுக்க 1921-இல் ஆசிரியர்களாகச் சென்றவர்களும் பிரிட்டிஷ் விமானிகள்தாம். செம்பில் குழு என்று வரலாற்றில் அதைக் குறிப்பிடுவார்கள். இருபது ஆண்டுகள் கழித்து மட்டக்களப்பின்மேல் பறந்தவர்கள், அந்தப் பாடத்தை ஆசிரியர்களைவிட வெகுதூரம் கொண்டுபோயிருந்தார்கள்.

நீளம் 600 அடி. எடை ஏறத்தாழ 10,850 டன். வேகம் அதிகபட்சம் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல்மைல். ஓடுதளத்தின் எஃகுத் தகடு ஓர் அங்குலம். வடிவமைத்த காலத்து விமானங்கள் என்றால் இருபது வரை கொள்ளும்; இரண்டாம் போர் வந்தபோது விமானங்கள் பெருத்துவிட்டதால் பன்னிரண்டு ஸ்வார்ட்ஃபிஷ்தான் அதில் இருந்தன. ஸ்வார்ட்ஃபிஷ் என்பது துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போய்ப் போட்டுவிட்டு வரும். வானில் சண்டை போடுவதற்கு அது ஏற்பட்டதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் ஆறு 5.5 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. அவை வேறு கப்பல்களைச் சுடுவதற்கானவை. வானத்தை நோக்கி நிமிராது. வானத்தைச் சுட மூன்று 4 அங்குலப் பீரங்கிகளும் சில சிறு துப்பாக்கிகளும் இருந்தன. எதிரி விமானம் தலைக்குமேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் என்பதை யாரும் பெரிதாக எண்ணாத காலத்தில் போட்ட கணக்கு அது.

அமைதிக்காலத்தில் பெரும்பகுதி சீனக் கடல்களில் கழிந்தது. 1931-இல் யாங்சி ஆறு பெருக்கெடுத்தபோது, அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் தன் கடல் விமானத்துடன் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட வந்திருந்தார். ஹாங்கோவில் அந்த விமானத்தை இரவு வேளையில் ஹெர்மிஸில்தான் ஏற்றி வைத்தார்கள். ஒருநாள் காலை, கயிற்றில் கட்டி ஆற்றில் இறக்கும்போது வெள்ளத்தின் வேகம் இழுத்துக் கவிழ்த்துவிட்டது. லிண்ட்பெர்க்கும் அவர் மனைவியும் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். கதைக்குத் தேவையில்லாத செய்திதான். ஆனால் இந்தக் கப்பலை வெறும் மூழ்கிய இரும்பாகப் பார்க்காமல், மனிதர்கள் ஏறி இறங்கிய இடமாகப் பார்க்க எனக்கு இது உதவியது.

போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் ஹெர்மிஸை இங்கிலாந்துக்கு மேற்கே நீர்மூழ்கி வேட்டைக்கு அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் அதே வேலையில் இருந்த 'கரேஜியஸ்' என்ற பெரிய விமானந்தாங்கியை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. விமானந்தாங்கிகளை அந்த வேட்டையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அதன்பின் ஹெர்மிஸின் இடம் ஓரங்கள்தான்: மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கர், தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல். புதிய கப்பல்களை ஒதுக்க முடியாத கடலுக்கெல்லாம் இந்தச் சிறிய கப்பல் போனது.

டாக்கரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கப்பல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கப்பல் அல்ல. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அதுவரை எந்தப் பிரெஞ்சு மாலுமிகளோடு சேர்ந்து ஹெர்மிஸ் ரோந்து போனதோ, அவர்களுடைய 'ரிஷ்லியூ' என்ற புத்தம்புதிய போர்க்கப்பல் ஜெர்மனியின் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஜூலை 7 இரவு, ஹெர்மிஸின் மோட்டார் படகு ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, ஒரு சிலர் மட்டும் ஏறி, துறைமுகத்துக்குள் நழுவிப் போனார்கள். ரிஷ்லியூவின் பின்புறத்தடியில் நீரடிக் குண்டுகள் நான்கைப் போட்டார்கள். ஆழம் போதாததால் அவை வெடிக்கவில்லை. பொழுது விடிந்ததும் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் எழும்பிப் போயின. ஒரு டார்பிடோ சரியாகப் பட்டு, ரிஷ்லியூவின் உந்துவிசிறித் தண்டைச் சிதைத்தது. நேற்றுவரை ஒரே மேசையில் உண்டவர்களின் கப்பல். அந்த விமானிகளின் மனநிலையை நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, இருட்டில், கொட்டும் மழையில், 'கோர்ஃபு' என்ற தங்கள் தரப்புக் கப்பலோடு ஹெர்மிஸ் மோதி முகப்பு நொறுங்கியது. தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் பழுதுபார்த்து நவம்பரில்தான் வெளியே வந்தது. 1941 தொடக்கத்தில் சோமாலியக் கரையில் கிஸ்மாயு அருகே இத்தாலிய வணிகக் கப்பல்களைப் பிடிக்கும் வேலை. மே மாதம் பாரசீக வளைகுடா. ஈராக்கில் எழுந்த கிளர்ச்சியின்போது பாஸ்ரா பகுதிக்கு மேலே அதன் ஸ்வார்ட்ஃபிஷ்கள் பறந்தன. மீண்டும் சைமன்ஸ்டவுனில் பராமரிப்பு. 1942 பிப்ரவரியில் இலங்கை.

அந்த மாதத்தில் சிங்கப்பூர் விழுந்திருந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் ஜப்பானின் கைக்குப் போயின. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ, அகாகி, ஹிர்யு, சோர்யு, ஷோகாகு, ஜுயிகாகு ஆகிய ஐந்து விமானந்தாங்கிகளோடு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். பிரிட்டனின் கிழக்குக் கடற்படைத் தலைவர் அட்மிரல் சோமர்வில், ஏப்ரல் முதல் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று உளவுச் செய்தி கிடைத்து, இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் தீரவே, மாலைத்தீவின் அட்டு பவளத்தீவில் இருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். அப்போது மூன்று கப்பல்களைப் பிரித்து இலங்கைக்கு அனுப்பினார்: டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் கொழும்புக்கு, ஹெர்மிஸ் திருகோணமலைக்கு. ஹெர்மிஸுக்கு மே மாதம் மடகாஸ்கரில் நடக்கவிருந்த படையிறக்கத்தில் பங்கு இருந்தது. அதற்கான தயாரிப்புக்குத்தான் துறைமுகம்.

நான் பொறுப்பைத் தேடுவதானால் இங்கேதான் முதலில் நிற்பேன். எதிரி வரவில்லை என்பதை எதிரி வரமாட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று கப்பல்களும் ஒரு வாரத்துக்குள் இல்லாமல் போயின.

ஏப்ரல் 4 மாலை, கனடிய விமானி லியோனர்ட் பிர்ச்சாலின் கேட்டலினா விமானம், இலங்கைக்குத் தென்கிழக்கே நகுமோவின் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. அன்று பிற்பகலே டோர்செட்ஷயரும் கார்ன்வாலும் நடுக்கடலில் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 6 அன்று, 'ர்யூஜோ' என்ற ஜப்பானின் இலகுரக விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னை அந்த மாதம் வெறிச்சோடிப்போனது நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பீதிக்குப் பின்னால் இருந்த கப்பற்படையும் மட்டக்களப்புக்கு வந்த கப்பற்படையும் ஒரே படையெடுப்பின் இரு கைகள்.

ஏப்ரல் 8 பிற்பகல் இன்னொரு கேட்டலினா, நகுமோ கிழக்கிலிருந்து மீண்டும் நெருங்குவதைக் கண்டது. அடுத்த இலக்கு திருகோணமலை என்பது தெளிவு. துறைமுகத்தைக் காலிசெய்ய உத்தரவு வந்தது. கொழும்பில் மூன்று நாளைக்கு முன் அப்படிக் காலிசெய்ததால்தான் பல கப்பல்கள் பிழைத்திருந்தன. ஆகவே இந்த உத்தரவு அறிவற்றது என்று யாரும் சொல்ல முடியாது. குறுகிய துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பல் அசையாத இலக்கு.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. ஹெர்மிஸின் விமானப் பிரிவான 814-ஆம் ஸ்குவாட்ரன் அப்போது கரையில் இருந்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது விமானங்களைக் கரைத் தளத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கமான நடைமுறை. நின்றுகொண்டிருக்கும் கப்பலிலிருந்து அவை எழும்ப முடியாது. எதிர்க்காற்றை நோக்கிக் கப்பல் ஓடினால்தான் முடியும். விமானிகளுக்கோ பயிற்சி விடுபடக் கூடாது. அவசரமாகப் புறப்பட்ட அந்த இரவில் அவற்றை ஏற்றிக்கொள்ளவில்லை. 'வேம்பயர்' என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கு நோக்கி ஓட்டினார்.

விமானங்கள் இருந்திருந்தால் கப்பல் பிழைத்திருக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். பிழைத்திருக்காது என்பதே என் முடிவு. நான் முன்பு சொன்ன துணிச் சிறகு ஸ்வார்ட்ஃபிஷ்களால் ஜப்பானின் 'ஜீரோ' சண்டை விமானத்தை எதிர்த்து ஒன்றும் செய்திருக்க இயலாது. அவை கப்பலில் இருந்திருந்தால் அவற்றின் பெட்ரோலும் டார்பிடோக்களும் விமானிகளின் உயிர்களும் கூடச் சேர்ந்து போயிருக்கும். ஹெர்மிஸில் இல்லாமல் போனது ஸ்வார்ட்ஃபிஷ் அல்ல. தலைக்குமேல் நிற்க வேண்டிய சண்டை விமானங்கள். அவை அந்தப் போரில் அந்தக் கப்பலுக்குத் தரப்படவில்லை.

ஏப்ரல் 9 காலை ஏழரை மணியளவில் திருகோணமலைமேல் குண்டு விழத் தொடங்கியது. அந்த நேரம் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் இருந்தது. தெற்கே போனது சரியாகவே பலித்திருந்தது. ஆனால் ஒன்பது மணிக்குச் சற்று முன், ஜப்பானின் 'ஹருனா' போர்க்கப்பலிலிருந்து வேவு பார்க்கக் கிளம்பிய மிதவை விமானம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. விமானந்தாங்கி ஒன்று, நாசகாரி ஒன்று என்று செய்தி அனுப்பியது. பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பாளர்கள் அந்தச் செய்தியை வானலையிலிருந்தே பிடித்து, மறைகுறியை உடைத்து, படித்தும்விட்டார்கள். ஹெர்மிஸை எதிரி பார்த்துவிட்டான் என்று கரைக்குத் தெரிந்துவிட்டது. 'முழு வேகத்தில் திருகோணமலைக்குத் திரும்பு, அங்கே உள்ள போர் விமானங்களின் நிழலுக்குள் வா' என்ற உத்தரவு பறந்தது.

திருகோணமலை அங்கிருந்து அறுபத்தைந்து மைல் அளவில் இருந்தது. பதினெட்டு ஆண்டு உழைத்த கப்பல் தன் முழு வேகத்தைத் தொட்டாலும் இரண்டரை மணி நேரம் வேண்டும். நகுமோவின் விமானந்தாங்கிகளிலோ இப்படி ஒரு கப்பல் கண்ணில் படும் என்பதற்காகவே பாய்ந்து குண்டு போடும் விமானங்களைத் தனியே நிறுத்தி வைத்திருந்தார்கள். 85 குண்டுவீச்சு விமானங்கள், ஒன்பது ஜீரோக்கள் துணையோடு கிளம்பின. பன்னிரண்டு விமானம் கொள்ளும் கப்பலுக்கு எண்பத்தைந்து.

திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்தில் இருந்த ஹரிகேன் சண்டை விமானங்கள் அன்று காலையே தங்கள் தளத்தைக் காக்கும் சண்டையில் பாதி அழிந்திருந்தன. உதவிக்கு அனுப்பப்பட்ட ஃபுல்மார் என்ற சண்டை விமானங்கள் ஒரு சிலவே. இத்தனை பெரிய கூட்டத்தைத் தடுக்க அவற்றால் முடியவில்லை. அன்றைய கடற்சண்டை முழுவதிலும் நான்கு ஜப்பானிய விமானங்கள் வீழ்ந்தன. ஃபுல்மார்களில் இரண்டு திரும்பவில்லை.

10.35. வெயில் ஏறிய, தெளிவான வானம். சூரியன் இருக்கும் திசையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினார்கள். தொடக்கத்திலேயே விழுந்த குண்டு ஒன்று கப்பலின் முன் லிஃப்டைத் தாக்கியது. விமானங்களை அடித்தளத்திலிருந்து மேலே தூக்கும் பெரிய எஃகு மேடை அது. அப்படியே பெயர்ந்து மேலே எழும்பி, ஓடுதளத்தின்மேல் தலைகீழாக வந்து விழுந்தது. அந்த இடத்தில் இருந்தவர்கள் எவரும் பிழைக்கவில்லை. அதன்பின் எண்ணிக்கை வைக்க நேரமில்லை. நாற்பதுக்கு அருகில் குண்டுகள் பட்டன என்று கணக்கிடுகிறார்கள். மேலிருந்து விழுந்தவை ஓர் அங்குலத் தகட்டைத் துளைத்துக் கொதிகலன் அறைகள்வரை போயின. பீரங்கிக்காரர்கள் மட்டும் கடைசிவரை சுட்டார்கள் என்பது உயிர் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்தது. 10.55-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபது நிமிடம். கேப்டன் ஆன்ஸ்லோவும் கப்பலோடு போனார்.

இந்தத் தாக்குதலின்போது ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. புகைக்கு நடுவே சாய்ந்த ஓடுதளம் தெரியும். அதன்மேல் ஒரு விமானமும் இருக்காது. உங்கள் கேள்வியே அந்தப் படத்தைப் பார்த்துப் பிறந்ததாக இருக்கலாம்.

வேம்பயரும் சற்று நேரத்தில் குண்டுகளால் உடைந்து மூழ்கியது. அதில் இறந்தவர்கள் தளபதி மோரான் உட்பட ஒரு சிலரே; பெரும்பாலானோர் தப்பினார்கள். 'ஹாலிஹாக்' என்ற கார்வெட் வகைச் சிறு போர்க்கப்பல், 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல், 'ஏத்தல்ஸ்டேன்' என்ற துணைக்கப்பல் ஆகியவையும் அதே கரையோரம் அன்று முடிந்தன. எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்த மாலுமிகளுக்கு ஒரே நல்லது நடந்தது. திருகோணமலையிலிருந்து புறப்பட்டிருந்த 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் அருகில் வந்துகொண்டிருந்தது. செஞ்சிலுவைக் குறியிட்ட அந்த வெள்ளைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை நீரிலிருந்து தூக்கியது. சிலர் கரைவரை நீந்தியே வந்து சேர்ந்தார்கள்.

ஆக, கேப்டனின் தவறா? நான் எத்தனை முறை நேரக்கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் ஆன்ஸ்லோவிடம் அந்தக் காலையில் நல்ல முடிவு என்று ஒன்று மிச்சம் இருக்கவில்லை. புறப்பட்டது உத்தரவின்படி. திரும்பியதும் உத்தரவின்படி. திரும்பாமல் தெற்கே ஓடியிருந்தால் இன்னும் முப்பது மைல் தள்ளி மூழ்கியிருக்கும், அவ்வளவுதான். கரையை ஒட்டிப் போனதைக் குறை சொல்கிறார்கள். அப்படிப் போனதால்தான் நீந்தத் தெரிந்தவன் கரை சேர முடிந்தது, வீட்டாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டோர்செட்ஷயர், கார்ன்வால் மாலுமிகள் நடுக்கடலில் ஒரு நாளுக்கு மேல் மிதந்து கிடந்தார்கள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகுமோவின் ஐந்து கப்பல்களில் அகாகி, ஹிர்யு, சோர்யு மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. ஹெர்மிஸின்மேல் பாய்ந்த விமானங்களை வழிநடத்திய தகஹாஷி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் பவளக்கடல் சண்டையில் இறந்தார். ர்யூஜோ ஆகஸ்டில் போனது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்பில் முகத்துவாரம் பக்கத்து வெளிச்சவீட்டடியில் ஒரு மாலை நின்றேன். 1913-இல் கட்டியது, அன்று காலையும் அது அங்கேதான் நின்றது. களப்பின் நீர் கடலில் கலக்கும் இடம், இறால் வலையை உதறிக்கொண்டிருந்த இருவர், அதற்கப்பால் நீலம். ஐந்து மைல் என்பது புத்தகத்தில் படிக்கும்போது தூரமாகத் தெரியும். அங்கே நின்று பார்த்தால், ஒரு பெரிய கப்பல் எரிந்தால் கரையில் இருக்கும் எவர் கண்ணுக்கும் தப்பியிருக்காது என்பது புரிகிறது. வலையை உதறியவரில் மூத்தவரிடம் கேட்டேன். "கப்பல் கிடக்கிற இடம் எங்களுக்குத் தெரியும் தம்பி, வலை அறுபடுகிற இடம்தானே," என்றார். கிழக்கே கை நீட்டிக் காட்டிவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்துகொண்டார்.

கப்பல் இன்னும் பெரும்பாலும் முழு உருவத்தோடு, இடப்பக்கம் சரிந்து, 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்தக் கடலில் எளிதில் இறங்க முடியவில்லை. 2009-க்குப் பிறகு உலகெங்கும் இருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். சாதாரணப் பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஆகவே தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இறங்கலாம். உங்களுக்கு அந்தப் பயிற்சி இருந்து போவதாக இருந்தால், பங்குனி சித்திரையில் போங்கள். கடல் அப்போதுதான் குளம்போல் கிடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் படகே இறங்காது. கீழே எதையும் தொடாதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள். உள்ளே இருப்பவர்களை யாரும் இன்றுவரை வெளியே எடுக்கவில்லை.